ஓரத்தில் சாய்ந்தவர்

அகலக் கோண லென்ஸ் வைத்திருப்பவர்கள் கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்க்கக் கூடாது, இன்ஸ்பெக்டர். சாய்த்தால் படத்தின் ஓரத்தில் இருக்கும் தூண், கதவு, மனிதர் எல்லாம் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். பின்னால் வருபவை உள்ளதைவிடத் தூரத்தில் தெரியும். சனிக்கிழமைகளில் மலாக்கா கடைவீதியில் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கு இது பாலபாடம். எனக்கும் தெரியும். அன்று அவசரத்தில் சாய்த்துவிட்டேன்.

1994 மார்ச். கல்யாணமாகிப் பதினொரு மாதம். பவானேஸ்வரி கடைகளின் முன்னால் உள்ள நடைபாதையில், தூண் ஓரமாக நின்றாள்.

"உங்க தூணு நேரா நிக்கிறதுக்குள்ள நான் கருவாடாயிருவேன்லா. சீக்கிரம் எடுங்க," என்றாள்.

ஒரு படம் எடுத்தேன். அடுத்ததற்குள் லாரி அவளை அடித்துவிட்டது. நான்கு கடை தள்ளித்தான் நின்றது. முதலில் செருப்பைப் பார்த்தேன், பிறகு பின்சக்கரத்தைப் பார்த்தேன். கால் தவறிச் சாலையில் இறங்கிவிட்டாள் என்று உங்கள் ஆட்கள் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் படத்தில் ஒரு கை இருந்தது.

வலது ஓரத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். அவர் கை பவானியின் தோளுக்குக் கீழே பிடித்திருந்தது. தள்ளுகிறாரா, இழுக்கிறாரா? உடல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்தச் சாய்வில் லென்ஸின் கோளாறும் கலந்திருக்கிறது. கோளாறை நீக்கினால் அவளைக் கொன்றது யார் என்று தெரிந்துவிடும். நான் செய்ய நினைத்தது அவ்வளவுதான்.

புக்கிட் பெருவாங் வீட்டுக் குளியலறையை இருட்டறை ஆக்கியிருந்தேன். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜருக்குக் கீழே தாள் வைக்கும் பலகையை ஒரு பக்கம் உயர்த்தினால் சாய்ந்த கோடுகள் நிமிரும். என் காலேஜ் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடியில் கொடுத்தேன். படத்திலிருந்தவர் மெல்ல நிமிர்ந்தார். பிறகு அவள் பக்கம் சாய்ந்தார். தள்ளினார்.

பிரிண்டை மாமனார் கணேசமூர்த்தியிடம் காட்டினேன். தெரிந்தவரா என்று மட்டும் கேட்டேன்.

"இவரு கருமாதிக்கு வந்தாரே, மாப்பிள்ளை. எவ்வளவோ கூப்பிட்டேன். வாசல்லயே நின்னுட்டு, பச்சத்தண்ணிகூட குடிக்காம போயிட்டாரு. பேரு வீரமுத்து. புலாவ் செபாங் பக்கம் எஸ்டேட்டுலா."

குற்றம் செய்தவனால்தான் கருமாதி வீட்டில் கை நனைக்க முடியாது என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். தோளில் கேமராப் பை, கையில் டிரைபாட். வீட்டில் அவர் மட்டும் இருந்தார். செம்பனைக் குலை வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் அதைச் சுவரோரம் சாத்திவிட்டுக் கை கழுவினார்.

"உக்காருங்க தம்பி. தே ஓ குடிப்பீங்கதானே? பாலு இல்ல, சீனியும் கம்மியாத்தான் இருக்கு."

பிரிண்டை நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நான் இழுத்தேன் தம்பி. வேர்வை. கை வழுக்கிருச்சு." பிறகு, வீட்டில் யாரும் இல்லாதபோதும், குரலைத் தாழ்த்தினார். "நீங்க இன்னும் பின்னால போ, இன்னும் பின்னால போன்னு சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லல. போலீஸ் கேட்டப்பகூட வாயத் திறக்கல. உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன், உள்ள வந்து உங்க மூஞ்சப் பாக்க முடியல. மனசுல வச்சுக்காதீங்க. லாரி வந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அடுப்பில் வைத்திருந்த கெட்டிலை எடுக்கத் திரும்பினார். டிரைபாட் இரும்பு, இரண்டரைக் கிலோ. முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. அவர் விழவில்லை. கைதவறிப் பட்டுவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, "பாத்து தம்பி" என்றார். இரண்டாவதில் முழங்கால் மடங்கியது. மற்றவை தரையில் வைத்து. ஏழு வரை எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ணவில்லை. தாடை தனியாக அசைந்தது. பல் ஒன்று அடுப்புக்குக் கீழே உருண்டு போனது. கெட்டில் கொதித்து வழிந்தது. அடுப்பை அணைத்தேன்.

லாரி எனக்குத் தெரிந்தது. லென்ஸில் அது தூரத்தில் இருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் பின்னால் போய் நின்றால், பின்னணியில் லாரியோடு படம் அழகாக இருக்கும் என்று பட்டது.

மனைவியைக் கொன்றவனைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் கையெழுத்துப் போடுகிறேன். நேற்று உங்கள் சார்ஜன்ட் காளிதாஸ், "அப்படின்னா படத்த ஏன் எங்ககிட்ட கொண்டு வரல?" என்று கேட்டார்.

கொண்டு வந்திருந்தால் நீங்கள் முழு நெகட்டிவைக் கேட்டிருப்பீர்கள். அதில் அவருக்குப் பக்கத்திலேயே தூண் இருக்கிறது. மூன்றாவது புத்தகத்திலேயே தூண் நேராகிவிட்டது. அப்போதும் அவர் பின்பக்கம்தான், அவளை இழுப்பவராகத்தான் சாய்ந்திருந்தார். மேலும் இரண்டு புத்தகங்கள் வைத்தேன். பிறகு தூணை வெட்டிவிட்டு பிரிண்ட் போட்டேன்.