பலகைக்கு மேலே ஒன்றரை அடி

பார்ட்டிஷன் போடும்போது பலகையைக் கூரை வரைக்கும் ஏற்றக் கூடாது. மேலே ஒன்றரை அடி விட வேண்டும். அப்போதுதான் ஒரே ஏசி இரண்டு அறைக்கும் போதும். தென்னூரில் சின்ன இடத்தைத் தடுத்து ஆபீஸ் ஆக்கியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், ஐயா. அந்த ஒன்றரை அடியால்தான் என் நிம்மதி போயிற்று.

மாடியில் இருந்த அந்த ஒற்றை ஹால் எனக்குச் சொந்தம். பத்திர எழுத்தராக என் காலம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். உமாமகேஸ்வரி என்னிடம் டைப் அடிக்க வந்தவள். காட்டூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். வில்லங்கம் பார்ப்பதும் நான்கெல்லை எழுதுவதும் என்னிடம் இருந்துதான் கற்றுக்கொண்டாள். ஒருநாள் தனக்கே லைசென்ஸ் வந்துவிட்டது என்று ஸ்வீட் டப்பாவோடு வந்து நின்றாள்.

"வெளியில போனா உங்களுக்குப் போட்டியா ஆயிடும் சார். இங்கயே ஒரு ரூம் தடுத்துக் குடுங்களேன்" என்றாள்.

பணிவாகத்தான் கேட்டாள். அந்தப் பணிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாசல் பக்கம் எனக்கு, உள்பக்கம் அவளுக்கு, ஓரமாக ஒரு நடை என்று தடுத்துக் கொடுத்தேன். அவளிடம் போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் தாண்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

எல்லாரும் தாண்டினார்கள். தங்கள் அப்பா காலத்திலிருந்து என்னிடம் பத்திரம் எழுதியவர்கள், என் கண்ணாடிக் கதவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். பிறகு பலகைக்கு மேலே சிரிப்புச் சத்தம் வரும். எடமலைப்பட்டி புதூர் அற்புதம்மாள் ஒருநாள், "சார் எழுதுனா இப்பல்லாம் ரெண்டு தடவ திருத்த வேண்டியிருக்கும்மா" என்றார். அவருடைய வீட்டுப் பத்திரமே நான் எழுதியதுதான்.

அதற்கு இவள், "வயசாயிடுச்சுங்கம்மா. நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்றாள்.

என்னை அனுசரிக்கிறாளாம். என் கூரையின் கீழே உட்கார்ந்துகொண்டு, என் ஏசிக் காற்றில்.

மறுவாரமே ஆளை வைத்துப் பலகையைக் கூரை வரை ஏற்றினேன். சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவள் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். எலெக்ட்ரீஷியன் காத்தான் என் அறையில் ஸ்டூல் போட்டு, அந்த இடைவெளி வழியாக ஏறிக் குதித்துத்தான் திறந்துவிட்டான். பலகையை ஏற்றச் சொன்னபோது அது எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவள் அறையில் ஒரு பின்கதவு இருந்தது. வெளியே துருப்பிடித்த இரும்பு ஏணிப்படி. அந்தக் கதவையும் பலகையால் மூடி அலமாரி ஆக்கிக் கொடுத்தேன். "பத்திரம் வைக்க இடமில்லைன்னு நானே கேக்கணும்னு இருந்தேன் சார், ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். என் அறையில் சூடு தாங்கவில்லை என்று இன்வெர்ட்டரை நடையில், அவள் வாசலை ஒட்டி வைத்தேன்.

காத்தான்தான் சொன்னான். "பேட்டரி உப்பியிருக்கு சார். மாத்துற வரைக்கும் ரொம்ப நேரம் ஓட்டாதீங்க, தீப்பிடிச்சுக்கும்." சரி என்றேன்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் நான் ஸ்ரீரங்கம் வீட்டை விட்டு வருவதில்லை. இந்த மாதம் வந்தேன். இன்வெர்ட்டரை நானே போட்டுவிட்டேன். "உன் வேலை கெடக் கூடாதும்மா, ஓடட்டும்" என்றேன். அதற்கும் தேங்க்ஸ் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் நடையில் நெடி கிளம்பிவிட்டது. அற்புதம்மாள் உள்ளே இருந்தது எனக்குத் தெரிந்திருக்காது என்று நீங்களே சொன்னீர்கள். தெரியும், ஐயா. அப்போதுதான் அவர் படியேறி வந்தார். நடையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சார் நாத்தம்?" என்று கேட்டார்.

"சாக்கடைம்மா. உமா உள்ளதான் இருக்கு, போங்க" என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு டீ குடிக்க இறங்கினேன்.

டீக்கடையில் நிற்கும்போது போன் அடித்தது. உமா என்று காட்டியது. ஆபத்து என்றதும் அவள் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். அடித்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அலமாரிப் பத்திரங்களையெல்லாம் கீழே தள்ளிவிட்டுப் பின்பலகையைக் கையால் பிய்த்திருந்தாள் என்று இரண்டு உடலையும் எடுத்த தீயணைப்பு ஆட்கள் சொன்னார்கள். கதவு அங்கேதான் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. கெட்டிக்காரி.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. விபத்து என்று எழுதி முடிக்கப் போகிறீர்கள் என்றும் தெரியும். பிறகு ஏன் நானே வந்தேன் என்று கேட்கிறீர்கள். நேற்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசான காலத்துல உங்களுக்கு இப்படி ஒரு சோதனையா சார்" என்கிறார்கள். அவள் புருஷனும் வந்தான். அவ்வளவு அழுகையிலும், "நீங்க மனச விட்டுடாதீங்க சார், உமா எப்பவும் உங்கள அனுசரிச்சுப் போகணும்னுதான் சொல்லும்" என்றான்.

விபத்து என்று எழுதாதீர்கள், ஐயா. என்னைப் பார்த்து யாரும் இரக்கப்படக் கூடாது.