இரண்டாம் மாதத்துப் பஸ்கா

— மூட்டையைக் கட்டாதீங்க பல்தி அண்ணே. பஸ்கா பண்டிகைன்னு எருசலேமே ஆடிப் பாடிட்டு இருக்கு, நீங்க மட்டும் எங்க கிளம்பிட்டீங்க?

— வடக்கே எங்க ஆசேர் மலைக்குத்தான், ஒக்லா தாயி. நான் இருந்தா இந்த வீட்டுக்கு ஆகாது.

— என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. விருந்தாளி போறேங்கிறார். நீங்க ஏதும் சொன்னீங்களா?

— நான் ஏன் சொல்றேன்? கோயில்ல பலியிடற ஆசாரியன் வீட்டுல வந்தவரை விரட்டினாங்கன்னு பேர் எடுக்கவா? என்ன பல்தி, சாப்பாடு சரியில்லையா?

— சாப்பாடுதான் வினையே சாமி. வர்ற வழியில ஒரு மனுஷன் செத்துக் கிடந்தார். அழக்கூட ஆள் இல்ல. மனசு கேக்கலை, நாந்தான் குழி தோண்டிப் புதைச்சேன். தீட்டுக் கழிய ஏழு நாள் ஆகணும். அதுக்குள்ள நேத்து பஸ்கா ஆட்டுக்கறி வாசம் ஆளை இழுத்திருச்சு. தின்னுட்டேன்.

— அட பாவி மனுஷா, தீட்டோடயா? பொணத்தைத் தொட்டவன் அடுத்த மாசம்தான் பஸ்கா சாப்பிடணும். சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?

— இதுவே அந்த அடுத்த மாசம்தானே சாமி. முதல் மாசத்துப் பண்டிகை இந்த வருஷம் ரெண்டாம் மாசத்துலதானே நடக்குது. இதை விட்டா எனக்கு ஏது? எசேக்கியா ராஜாவோட ஆள் கூப்பிட வந்தப்ப எங்க ஊரே கைகொட்டிச் சிரிச்சுது. அப்பன் பூட்டின கோயிலை மகன் திறந்துட்டானாம், விருந்து வைக்கிறானாம்னு ஒரே கேலி. நான் ஒருத்தன்தான் கிளம்பினேன். வந்தும் கெடுத்துட்டேனே, அதான் வலிக்குது.

— ஒண்ணும் கெடலை அண்ணே. வடக்கேயிருந்து வந்தவங்க நிறையப் பேர் தீட்டோடதான் சாப்பிட்டாங்க. மனசாரத் தேடி வந்த சனத்தை மன்னிச்சிடு ஆண்டவரேன்னு ராஜாவே வேண்டிக்கிட்டார்.

— ராஜாவுக்கு இளகின மனசு, ஒக்லா. அதுக்காக ஒரு ஆசாரியன் வீட்டுல...

— ஆசாரியரே, பண்டிகை ஏன் ஒரு மாசம் தள்ளிப்போச்சுன்னு அண்ணனுக்குச் சொல்லுங்க.

— அது எதுக்கு இப்ப?

— நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

— சொல்றேன், சொல்றேன். மூட்டையை இறக்குங்க பல்தி. பண்டிகைக்கு முந்தி ஆசாரியனுங்க சுத்தமாகணும். பல பேர் அசட்டையா இருந்துட்டோம், பலியிட ஆள் பத்தலை. அந்தச் சோம்பேறிகள்ல நானும் ஒருத்தன்.

— நீங்களா சாமி?

— நானேதான். எனக்காக ராஜாவும் சனமும் ஒரு மாசம் காத்திருந்தாங்க. நீங்க வந்து என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க. தீட்டு ரெண்டு பேருக்கும் சேர்ந்தே கழியட்டும்.