மச்சான் பெயரில் ஒரு தொட்டி

குளிப்பதில் எனக்கு எந்த விரோதமும் இல்லை. நாள் தவறாமல் குளிக்கிறவன் நான். இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கிராம சேவகர் இராசநாயகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் வேறு மாதிரிக் கதைக்கிறார்கள்.

நெடுந்தீவில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெரு முழுவதற்கும், நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அது என் வளவுக்குள் இருக்கிறது. மற்றதெல்லாம் உவர். என் கிணற்றுக்கு ஒரு குணம் உண்டு. அளவாக அள்ளினால் அமிர்தமாகத் தரும். ஆசைப்பட்டு அடிவரை இறைத்தால் கீழே கிடக்கிற கடல் மேலே வந்துவிடும். பிறகு காலில் விழுந்து கும்பிட்டாலும் போகாது. ஐயா காலத்திலிருந்தே நாங்கள் வாளி பார்த்துத்தான் அள்ளுகிறோம். அயலவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பேன், குளிக்கக் கொடுக்கமாட்டேன். இதனால் மார்க்கண்டு கஞ்சன் என்பார்கள். சொல்லட்டும்.

என் மனைவி அன்னபூரணத்தின் தமையன் பரராசசிங்கம் லண்டனில் இருக்கிறார். எண்பத்துமூன்றாம் ஆண்டு வைகாசித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து நிற்கப்போவதாக அறிவித்தார். கிணற்றடியில் நின்று தலையில் வார்ப்பது பிள்ளைகளுக்குப் பழக்கமில்லையாம். குளியலறையை இடித்துப் புதுக்கி, படுத்துக் குளிக்கிற தொட்டி ஒன்று வைக்கச் சொல்லிக் காசும் அனுப்பிவிட்டார். மனிதர் கெட்டவர் அல்லர். தங்கை என்றால் அவருக்கு உயிர். ஆனால் படுத்துக் குளிப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஆள் அமிழ்கிற அளவு தண்ணீரை நிரப்பி, அழுக்காக்கி, பிறகு திறந்துவிடுவது. அவர்கள் திரும்பிப் போவதற்குள் என் கிணறு கடலாகிவிடும்.

அன்னபூரணத்திடம் சொன்னேன். காதில் போட்டுக்கொண்டால்தானே. யாழ்ப்பாணத்தில் பெரியகடைப் பக்கம் ஒரு கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வெள்ளை, நீலம், ரோசா என்று மூன்று தொட்டிகள் இருந்தன. நான் வெள்ளையைக் காட்டினேன். அது கட்டை, குந்தியிருந்துதான் குளிக்கலாம். அண்ணன் ஆறடி என்றாள் அவள். நீளம் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லி நீலத் தொட்டிக்குள் படுக்கவைத்தாள். எனக்கே கால் முட்டியது. எழுப்பி ரோசாவுக்குள் போட்டாள். கடைக்காரரும் ஆணி வாங்க வந்தவர்களும் சுற்றி நின்று என்னை மேலிருந்து பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெட்டிக்குள் கிடத்தியது போலவே இருந்தது. சாவைப் பற்றிய யோசனை எனக்கு முதன்முதலில் வந்தது அங்கேதான்.

ரோசாவே முடிவாயிற்று. தரைக்குக் கல் பார்ப்பதற்காக அவள் நல்லூரில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் தங்கிவிட்டாள். தொட்டியை நான் லொறியில் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுபோய் வள்ளத்தில் ஏற்றினேன்.

வள்ளத்தில் எங்கள் கோயில் பெரியவர் ஆழ்வாப்பிள்ளை அண்ணை இருந்தார். தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"வடிவான தொட்டி. ஆரின்ரை பேரிலை வைக்கப்போறீர்?" என்று கேட்டார்.

வெளியூர்க்காரருக்காக இதைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அவர் பெயரில் வழியோரம் மாடு குடிக்கத் தொட்டி வைப்பார்கள். வைத்ததை எடுக்க ஒருவரும் துணியமாட்டார்கள். வாயில்லாச் சீவனின் தண்ணீரைப் பறித்த பாவம் பிள்ளை குட்டிக்கும் தொடரும் என்று பயம். அண்ணைக்குத் தொட்டி என்றால் அது ஒன்றுதான். அவர் கேட்டதும் என் நெஞ்சுப் பாரம் இறங்கியது. ரோசாத் தொட்டியை ஒழுங்கையில் இருத்திவிட்டால் அன்னபூரணமும் அதில் கைவைக்கமாட்டாள்.

இனி இறந்தவர் ஒருவர் வேண்டும். நான் அவசரப்படவில்லை, கரை இன்னும் தூரத்தில் இருந்தது. ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ஏற்கெனவே தொட்டி இருக்கிறது. என்னையே போடலாம் என்றால் நான் அண்ணைக்கு எதிரில் இருந்தேன். அன்னபூரணம் நாளைக்கோ மறுநாளோ வந்து இறங்கிவிடுவாள். பரராசசிங்கமோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறார். தொட்டியும் அவர் காசில் வாங்கியது. ஒருவருக்கும் அநியாயம் இல்லாத தெரிவு அது.

"மச்சான் தவறிப்போனார், அண்ணை," என்றேன்.

சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. அது நடிப்பல்ல.

யாகப்பு மேசன் ஒழுங்கை முகப்பில், உவர்க் கிணற்றுக்குப் பக்கத்தில், தொட்டியைச் சீமெந்தில் இருத்தினான். அடியில் இருந்த ஓட்டை எதற்கென்று கேட்டான். கடைக்காரரின் கவனக்குறைவு என்றேன். அதையும் அடைத்து, 'அமரர் பரராசசிங்கம் நினைவாக' என்று எழுதிவிட்டுப் போனான். மாடுகள் அந்த நிறத்துக்கு முதலில் பயந்தன. தாகம் எடுத்ததும் குடித்தன.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்த அன்னபூரணத்தை வள்ளத்திலேயே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துவிட்டார்கள். செய்தி குறிகட்டுவானில் கிடைத்தது என்றும், உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள் என்றும் நான் சொன்னேன். அழுகிறவள் யார் சொன்னது என்று கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை. தமையன் அனுப்பிய கம்பளிச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். எனக்குத் தாங்கவில்லை. கிணற்றுக்குள் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் மனம் ஆறும். வந்து, எல்லாம் விதி என்று அவளுக்கு ஆறுதல் சொல்வேன்.

ஒன்றை நான் மறந்துபோனேன். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அந்த வீட்டுக் கிணற்றிலேயே தலையில் வார்த்துவிட்டுப் போவது எங்கள் ஒழுங்கை வழக்கம். துக்கத்துக்கு வந்தவனைக் குளிக்காதே என்று சொல்ல முடியுமா? நல்ல தண்ணீர் என்றதும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போனவர்கள் திரும்பவும் வந்து துக்கம் விசாரித்தார்கள். பரராசசிங்கத்தை யாரென்றே தெரியாதவர்கள் சவர்க்காரத்தோடு வந்தார்கள். வாளி அடிக்கல்லில் இடிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். மச்சான் மேல் இவ்வளவு பாசம் வைத்தவனைத் தான் கண்டதில்லை என்று ஆழ்வாப்பிள்ளை அண்ணை என் முதுகைத் தடவினார்.

திருவிழா கிட்டியது. மச்சான் உயிரோடு வந்து நின்றால், இப்போதுதான் மனம் தேறிவரும் அன்னபூரணம் என்ன பாடுபடுவாள்? ஆகவே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குச் சாமான் வாங்க யாழ்ப்பாணம் போனபோது அவருக்கு ஒரு தந்தி அடித்தேன். தங்கை காலமானாள், கிரியைகள் முடிந்தன, வரவேண்டாம் என்று. அவளுக்காகத்தானே வருகிறார், அவளே இல்லையென்றால் ஏன் வரப்போகிறார் என்று நினைத்தேன். தமையனுக்கும் தங்கைக்கும் ஒரே அளவு கவலைதான். ஓரவஞ்சனை செய்யவில்லை.

அவர் அடுத்த வாரமே வந்துவிட்டார். தனியாக, தாடியோடு. மாவிலித்துறையிலிருந்து நடந்து ஒழுங்கைக்குள் திரும்பியவர் தொட்டியில் இருந்த தன் பெயரை வாசித்துக்கொண்டு நின்றார். தமையனை நினைத்துக் காலையில் அந்தத் தொட்டியை நிரப்புவது அன்னபூரணத்தின் வழக்கம். அவள் வாளியோடு வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பேய் என்று எண்ணி, நடுவில் மாட்டை வைத்துக்கொண்டு, கிட்டப் போகாமல் நின்றார்கள். பிறகு அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். வேலிக்குள் நின்று பார்த்த எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

"ஏன் மச்சான், இப்பிடிச் செய்தனீர்?" என்று அவர் கேட்டார். நான் கிணற்றைக் காட்டினேன்.

அன்னபூரணம் சத்தம் போடவில்லை. "ஒரு மாசமா நான் அழுததைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். ஒருநாளாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீர் தொட்டியை எடுத்துப்போடுவீர்," என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான்.

அவள் தமையனோடு போய்விட்டாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். உயிரோடிருந்த இருவரைச் சாகடித்தது நான்தான். கூட்டாளி ஒருவரும் இல்லை. ஆனால் கிணற்றைக் காப்பாற்றிவிட்டேன், அதையும் எழுதவேண்டும். இராசநாயகத்தார் எழுத யோசித்தார். அந்தத் தண்ணீரிலேயே தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் முற்றத்தில் துப்பிவிட்டு, சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டீர் என்றார். அவருக்கு நாக்கில் ஏதோ வருத்தம் போலிருக்கிறது. நான் என் கோப்பையை முடித்துவிட்டு, அவருடையதையும் எடுத்துக் குடித்தேன்.