இவளுக்குத்தான் தூக்க வியாதி

— எழுதிக்க அருள்மொழி பாப்பா. எம் பொண்டாட்டி நாத்து நடப் போனா வரப்புல குந்தினு தூங்கறா. ஏம்பலம் ஊர்ல காதுகுத்து, பந்தில எல போட்டதும் தூங்கறா. பாயசம் ஊத்தறவன் எழுப்பி வுட்டு ஊத்தறான்! இவளுக்குத்தான் தூக்க வியாதி.

— சிங்காரவேலு அண்ணா, கொஞ்சம் இருங்க. அமிர்தம் அக்காவும் பேசட்டும்.

— அவ இன்னா பேசுவா? தோ பாரு, இப்பவே கொட்டாவி!

— கொட்டாவி வுட்டா குத்தமாய்யா? நீ வாய மூடு, நானும் மூடிக்கறேன்.

— பாத்தியா? வாய் மட்டும் தூங்காது. கழனி வேலைக்குப் போற பொம்பளைங்க தூக்கத்த ஆராய்ச்சி பண்ணணும்னு நீ யுனிவர்சிட்டிலேர்ந்து வந்தப்ப, மொத ஆளா இவ பேரக் குடுத்தது யாரு? நான்!

— நீங்கதாண்ணா. அதனாலதான் அக்கா தலமாட்டுல அந்தக் குட்டி மைக்க வச்சேன். ராத்திரி ரெக்கார்டிங் முழுக்கக் கேட்டுட்டேன்.

— கொறட்ட கேட்டுச்சா?

— கேட்டுச்சு. ரைஸ்மில்லு ஓடற மாதிரி.

— அடி அமிர்தம்! யுனிவர்சிட்டி வரைக்கும் மானம் போச்சே!

— அது ஆம்பள கொறட்டண்ணா.

— என்னுதா? சான்ஸே இல்ல. நான் படுத்தா கட்ட, அசையவே மாட்டேன். இவதான் ராவெல்லாம் புரளுவா. முழங்கையால விலாவுல ஒரு இடி இடிப்பா பாரு, காலைல நிமிர முடியாது. அதையும் எழுதிக்க.

— யோவ், காப்பி ஆறுது, குடி. நீயும் குடி பாப்பா. மத்தத அப்பறமா பேசிக்கலாம்.

— இல்லக்கா, இத சொல்லாம போவ மாட்டேன். அண்ணா, உங்க கொறட்ட நடுநடுவுல நிக்குது.

— நின்னா நல்லதுதான? அவளாவது நிம்மதியா தூங்கட்டும்.

— கொறட்ட மட்டும் நிக்கலண்ணா. மூச்சே நிக்குது.

— இன்னா சொல்ற?

— மூச்சு நிக்கறப்பல்லாம் ஒரு வளையல் சத்தம் கேக்குது. ஒடனே நீங்க இழுத்து மூச்சு வுடறீங்க. மறுபடி நிக்குது, மறுபடி வளையல் சத்தம். விடியற வரைக்கும் இப்படித்தான். அக்கா கண்ண மூடவே இல்லண்ணா.

— அப்ப நான் தூக்கத்துலயே போயிருப்பனா?

— பயப்படாதீங்க. இதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு. நாளைக்கே ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க, நான் கூட இருக்கேன்.

— பாப்பா… அந்த விலாவுல இடிக்கறத எழுதிக்கினியா?

— எழுதிட்டேண்ணா.

— அத அடிச்சிடு.

— சரிண்ணா.

— அமிர்தம், இத்தினி நாளா இதுக்காடி முழிச்சினு இருந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

— சொல்லிட்டா நீ தூங்குவியா?