இலைக்குச் சோறு

அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் அடுத்தடுத்த வயல்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வராமல் நெற்பயிர் வாடிக்கொண்டிருந்த நேரம் அது.

"வேரு காஞ்சு கெடக்கு, நீங்க இலைக்குச் சோறு ஊட்டுறீங்களாமே?" என்று தலைப்பாகைக்காரர் சிரித்தார்.

"யூரியாவைத் தண்ணியில கரைச்சு இலை மேல தெளிச்சேங்க. பயிரு தாக்குப்பிடிச்சு நிக்குது" என்றார் மற்றவர்.

"அட, போங்க!"

"உங்க வயலும் என் வரப்போரமா மட்டும் பச்சையா நிக்குதே, பாக்கலியா?"

"அது அம்மன் புண்ணியம்."

"காத்து உங்க பக்கம் அடிச்சுதுங்க. தெளிச்சதுல பாதி உங்களுக்குத்தான்."

தலைப்பாகைக்காரர் இறங்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த தடவை, காத்து நல்லா அடிக்கிற நாளாப் பாத்துத் தெளிங்க."