பழைய கணக்கில் விழுந்த கோடு

இந்த அறையில் காற்று நன்றாக வருகிறது, சார். ஜன்னலை மூட வேண்டாம். உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். ‘கவனக்குறைவால் நேர்ந்த பிழை’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் கூப்பிடாமலே வந்தேன். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நில அளவைக்காரர்கள் அனுப்பும் கோப்புகளை வரைபட மென்பொருளுக்குள் ஏற்றுவது என் வேலை. இதில் என்ன இருக்கிறது என்றுதான் அலுவலகத்தில் எல்லோருக்கும் நினைப்பு. ஆனால் வரைபடக் கோப்பு தனியாக வராது, குடும்பத்தோடு வரும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், வால் மட்டும் வேறு. ஒன்றில் கோடு இருக்கும், இன்னொன்றில் விவரம் இருக்கும். கூடவே ஒரு குட்டிக் கோப்பு. திறந்தால் ஒற்றை வரிதான். பூமியைப் பழைய கணக்கில் அளந்தார்களா, புதிய கணக்கிலா என்று அதுதான் சொல்லும். அது இல்லாவிட்டால் மென்பொருள் திருதிருவென்று முழித்து நம்மையே கேட்கும். நாம் மாற்றிச் சொன்னால் கோடு வளையாது, நெளியாது. அலுங்காமல் இரண்டு தெரு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மழைநீர்க் கால்வாய்க்கான கோடு, பூட்டிக் கிடக்கும் சோப்புத் தொழிற்சாலைக்குப் பின்னால் போக வேண்டியது. அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி என் தம்பி வீடு. அம்மா அவனோடுதான் இருந்தாள்.

அம்மாவுக்கென்று என் வீட்டில் ஓர் அறை ஒதுக்கி, ஏசி போட்டு, கட்டிலும் வாங்கி வைத்திருந்தேன். கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்.

“வரேன்டா, வரேன். இங்க கொஞ்சம் காத்து வருது, அதான்.”

காற்றுக்காகப் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுப்பாளா ஒருத்தி? எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை. தம்பி மேல் கோபம் கிடையாது. அவன் நல்ல பையன். அவன் வீடுதான் இடைஞ்சல்.

கோப்புகள் வந்த அன்று அந்தக் குட்டிக் கோப்பை மட்டும் அழித்தேன். மென்பொருள் கேட்டது. புதிய கணக்கில் அளந்ததைப் பழைய கணக்கு என்றேன். கோடு நேரே தம்பி வீட்டுக் கூடத்தில் விழுந்தது. பொறியாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

“நல்லா நேரா வந்திருக்கே. அனுப்பிடுங்க.”

நேராகத்தான் வந்திருந்தது. கோட்டுக்குக் கீழே வீடுகள் தெரியும் படத்தைத் திரையில் நான் அணைத்து வைத்திருந்தேன். பாவம், அவருக்கு ஏற்கெனவே கண் வலி.

கோடு ஒரு வீட்டோடு நிற்காது. தெரு முழுக்கப் போனது. கேட்டவர்களிடம், இடிக்க வந்தவர்கள் வரைபடத்தைக் காட்டினார்கள். வரைபடத்தோடு யாரால் வாதாட முடியும்? தையல்காரம்மா தன் மிஷினை வண்டியில் ஏற்றி, அதைக் கட்டிப்பிடித்தபடியே போனாள். ஓய்வுபெற்ற தபால்காரர் இடிந்த சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். வயதானவர்தான். அந்த வீடுகளிலும் அம்மாக்கள் இருந்திருப்பார்கள். யாராவது ஒருத்தி, என்னைப் போலக் காத்திருந்த மகனிடம் வந்து சேர்ந்திருப்பாள். அந்த நல்லதை நீங்கள் அறிக்கையில் எழுதவே இல்லை.

என் அம்மாவும் வந்தாள். தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள், சட்டி பானை எல்லாம் கூடவே வந்தன. பேரப்பிள்ளைகளை ஏசி அறையில் படுக்க வைத்துவிட்டு, அம்மா வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். தம்பி ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்ததும் முதல் ஆளாகப் பையைத் தூக்கினாள்.

“அண்ணா, அம்மா உங்ககிட்டயே இருக்கட்டும். அவங்களால மாடி ஏற முடியாது” என்றான் தம்பி. நல்ல பையன் என்று சொன்னேனே.

“அதெல்லாம் ஏறிடுவேன்டா. மேல காத்து வரும்” என்றாள் அம்மா.

பிறகு நீங்கள் அவளை விசாரித்தீர்கள். அவள் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் அறிக்கையில் சேர்த்திருக்கிறீர்கள்.

“அவன் வேணும்னு பண்ணிருக்க மாட்டான் சார். சின்ன வயசுலேருந்தே அவனுக்குத் திசை தெரியாது. கடைக்கு அனுப்பினா வேற தெருவுல போய் நிப்பான்.”

எனக்குத் திசை தெரியும், சார். பழைய கணக்கும் தெரியும், புதிய கணக்கும் தெரியும். கோடு யார் வீட்டில் விழும் என்று தெரிந்துதான் போட்டேன். தெரு மொத்தமும் போகும் என்பதும் தெரிந்தே இருந்தது. ‘பிழை’ என்பதை அடித்துவிட்டு ‘வேண்டுமென்றே’ என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

உள்ளே வைக்கும்போது இதே மாதிரி ஜன்னல் வைத்த அறையாகப் பார்த்துக் கொடுங்கள். அம்மாவுக்குத் தகவல் சொல்லும்போது இந்தக் கதையெல்லாம் வேண்டாம். இங்கே காற்று வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள், வந்துவிடுவாள்.