புகைப்பெட்டி

நெருப்பு வைக்கும் முன் விறகைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம், ஐயா. எறும்பு, மரவட்டை ஏதாவது இருந்தால் எடுத்து வெளியே விட்டுவிடுவேன். முப்பது வருடச் சர்வீஸில் என் கையால் ஒரு பூச்சி வெந்ததில்லை. ஆலையில் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். நாராயணசாமி என்ற முழுப் பெயர் சம்பளத்தன்று மட்டும் வரும்.

வடக்கனந்தல் பக்கம் எங்கள் ஆலைக்குக் கரும்பு இழுத்த நீராவி எஞ்சின் அது. லாரிகள் வந்த பிறகு ஷெட்டில் நின்றது. மெட்ராஸிலிருந்து பழைய ரயில்களைக் காப்பாற்றுகிற சங்கத்தார் எழுதிக் கேட்டார்கள். ஓட்டிக் காட்டினால் தண்டவாளத்தோடு சேர்த்துக் காப்பாற்றுவார்கள். ஓடாவிட்டால் இரும்பு விலைக்கு வெட்டிவிடுவார்கள். எனக்குக் குழந்தை இல்லை. இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் வரவேண்டிய வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல். எண்பத்தேழு செப்டம்பர். ரோட்டில் புளியமரம் சாய்த்தார்கள். அதைக்கூட நான் தப்பென்று சொல்லமாட்டேன். அவரவர் வயிறு அவரவருக்கு. ஆனால் ஷெட்டுக்குள் வந்து, நான் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த பாய்லர் மேல் தாரால் எழுதினார்கள். சக்கரத்தடியில் ஒன்றுக்கிருந்தார்கள். நான்தான் கழுவினேன். மண்ணெண்ணெயும் மூத்திரமும் கலந்த அந்த நாற்றம் இன்னும் என் நகத்தில் இருக்கிறது.

மறியல் அடங்கிய மறுநாள் விடியற்காலையில் இருசப்பன் வந்தான். முன்பு என்னிடம் எஞ்சின் துடைத்தவன். வாயோரம் எச்சில் காய்ந்து, சட்டையெல்லாம் சேறு.

"சாமிண்ணே, போலீஸு தேடிக்கினு கீது. இருட்டினதும் மலைக்கு ஏறிடுவேன். அதுவரைக்கும் ஒளிய எடம் குடுண்ணே."

"தார் பூசின கைதானே இது?"

"நான் பூசலண்ணே. வாளிதான் புடிச்சேன். வாளி புடிச்சவனுக்கு இன்னா தனிக் கேசா?"

சிரித்தான். பல்லெல்லாம் வெற்றிலைக் காவி. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் என் கூழைப் பாதி ஊற்றிக் கொடுத்தேன். எஞ்சினின் முகம்போல இருக்கும் வட்டக் கதவைத் திறந்து காட்டினேன். அதற்குப் பின்னால்தான் புகைப்பெட்டி. நெருப்பின் புகை குழாய் வழியாக வந்து சேர்ந்து, மேலே போகிற இடம். ஓர் ஆள் குந்தி உட்காரலாம்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. கரி அள்ள அதற்குள் இறங்குகிறவன் தன் துண்டைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு இறங்குவான். துண்டு தொங்குகிற எஞ்சினுக்கு யாரும் நெருப்பு வைக்கமாட்டார்கள். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். ஒளிய வந்த நேரத்திலும் இருசப்பன் கை பழக்கத்தில் துண்டைக் கட்டியது. "கட்டிட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். வெளியிலிருந்துதான் கதவை முடுக்க முடியும். முடுக்கினேன்.

போலீஸ் கண்ணில் படுமே என்று துண்டை அவிழ்த்தேன். அவன் நன்மைக்காகத்தான் அவிழ்த்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். ரோடு திறந்துவிட்டதாம். சங்கத்தார் கள்ளக்குறிச்சி தாண்டிவிட்டார்களாம். மத்தியானத்துக்குள் எஞ்சின் நகரவேண்டும். போலீஸ்காரர்கள் பாதுகாப்புக்காக அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவைத் திறந்தால் அவனை அடித்தே இழுத்துப் போவார்கள். வருகிற சங்கத்தாரும் இது கலாட்டா பிடித்த இடம் என்று திரும்பிவிடுவார்கள். யோசித்தேன். சாமி படத்தின் முன் நின்றேன். மனசு தெளிந்தது.

அன்றும் விறகில் ஒரு மரவட்டை இருந்தது. எடுத்து வேலியோரம் விட்டேன். பிறகு நெருப்பு வைத்தேன்.

பாய்லர் சூடேற நேரம் பிடிக்கும். விறகு விழுகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் முதலில் அவன் சத்தமே போடவில்லை. துண்டு கட்டியிருக்கிறோம் என்று இருந்திருப்பான். புகை அந்தப் பக்கம் போன பிறகுதான் தட்டினான்.

விறகு எடுத்துக் கொடுக்கிற ராஜாங்கம் கையை நிறுத்தினான். "அண்ணே, முன்னால இன்னாவோ தட்ற மாதிரி கீதே?"

"பழைய இரும்புடா. சூடு பட்டா மொனகும்."

"என் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லு" என்றான். போலீஸ்காரர்களும் சிரித்தார்கள்.

தட்டும் சத்தம் எனக்குக் கேட்டதா என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். கேட்டது. என்னவென்று தெரியும். போய்த் திருகினால் போதும், கதவு திறக்கும். அதற்கு நேரமும் இருந்தது. நான் விறகு போட்டேன்.

சங்கத்தார் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். புகைபோக்கியிலிருந்து வந்த வாடைக்கு ஓர் அம்மாள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். பழைய கரி என்றேன். பிறகு எல்லோரும் வடை சாப்பிட்டார்கள். எஞ்சின் தப்பியது. ஆலை வாசலில் மேடை கட்டி நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் அதற்கு நெருப்பு வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வட்டக் கதவுக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். உள்ளே அவன் இருந்தான் அல்லவா, ஐயா, செய்யவேண்டிய முறையை நான் விடவில்லை. மறுபடி ஓட்டிப் பார்க்க இப்போது குழாய் மாற்ற வந்தவர்கள் கதவைத் திறந்து வாந்தி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். மேடையைக் கழுவிவிட்டார்களா?

அவன் மனைவி கமலா, எஞ்சின் ஓடிய மறுநாளே என்னிடம் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"எங்க வூட்டுக்காரரு இங்க வந்தாராங்க?"

கரியாலூர்ப் பக்கம் மலையேறிவிட்டான் என்று சொன்னேன். அன்றுமுதல் மாதாமாதம் போய்த் தேடுகிறாள். போகும்போதெல்லாம் என் வீட்டு வாசலில் நிற்பாள். ஒரு தடவைகூட அவளை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. புளிச்சோறு கட்டி, பஸ்ஸுக்குச் சில்லறையும் கொடுப்பேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவாள். அவளை இப்படி அலையவிட்டவனை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஐயா. பெண்டாட்டி பிள்ளையை நினைக்காமல் வாளி தூக்கப் போனானே.